பகலில் பறக்கும் அந்து

பருத்திச் செடி அந்த வருடம் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. விட்டு விட்டுப் பெய்த மழையில் செடி காய்ப்பதை மறந்து மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. வரப்பில் நானும் மாமாவும் நின்றோம். வெயில் ஏறியிருந்தது. கரிசல் மண் இன்னும் காயாமல் செருப்பில் அப்பி, காலைத் தூக்கி வைப்பதே பாடாக இருந்தது.

வரப்போரம் கிலுகிலுப்பைச் செடிகள் மஞ்சளாகப் பூத்து நின்றன. மாமா கையிலிருந்த குச்சியால் அவற்றை விலக்கினார். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பூச்சி கிளம்பியது. வெள்ளைச் சிறகு. அதில் குங்குமத்தையும் மையையும் மாற்றி மாற்றித் தொட்டு வைத்ததுபோல் சிவப்பும் கருப்புமாகப் புள்ளிகள். பருத்திக்கு மேலே நாலைந்து அடி பறந்து, இலைகளுக்குள் விழுந்து மறைந்தது.

“இந்தப் பட்டாம்பூச்சி இந்த வருசம் எக்கச்சக்கமா வருது மாப்ள,” என்றார் மாமா.

“அது பட்டாம்பூச்சி இல்ல மாமா. அந்து,” என்றேன்.

அவர் குச்சியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மாமா என்று நான் சொல்வது என் அக்கா செல்வியின் கணவர் கலியபெருமாளை. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் வைத்த பெயர். செந்துறைக்கும் குன்னத்துக்கும் நடுவே அவர்கள் ஊர். அந்தக் காலையிலிருந்து ஏழாவது நாள் அவர் இறந்துபோனார். மருந்துத் தொட்டியோடு அவரை வயலுக்குள் இறங்க வைத்தது நான் சொன்ன அந்தச் சொல். அது அக்காவுக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வருடம் ஊர் ஊராக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

வாராவாரம் பத்திரிகையில் வரும் இந்தத் தொடரில் போர்வெல் வண்டியோடு சுற்றியதை எழுதினேன். சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருந்ததை எழுதினேன். வரிசைப்படி அடுத்து வருவது இதுதான். தாண்டிப் போகப் பார்த்தேன். இரண்டு வாரம் வேறு என்னவோ எழுதி அனுப்பியது அதனால்தான்.

பூச்சி எண்ணும் வேலை

லாரியை விட்டபிறகு பெரம்பலூரில் கொஞ்ச நாள் கிடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ், அதன் கீழே ஒரு டீக்கடை. அங்கே ஒருநாள் ஒரு பெண் வந்து, பைக் ஓட்டத் தெரிந்த, வெயிலில் நடக்கக்கூடிய ஆள் ஒருவர் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் என்னைக் காட்டினார். அந்த நேரத்தில் அங்கே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். நான் மேடம் என்றேன். அவர் அண்ணா என்றார். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். எண்ணத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். போதும் என்றார்.

காரைப் பக்கம் மண் அரித்து அரித்து, பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் பொட்டல் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கடல் இருந்த இடம் என்பார்கள். நடந்தால் காலடியில் நத்தைக்கல்லும் சிப்பிக்கல்லும் நெறுநெறுக்கும். அதன் ஓரங்களில் எருக்கும் கிலுகிலுப்பையும் தவிரப் பெரிதாக ஒன்றும் முளைக்காது. அங்கேதான் வேலை.

கிலுகிலுப்பைச் செடியைப் பிடுங்கி வாடவிட்டு, கட்டாகக் கட்டி, குச்சியில் தொங்கவிட வேண்டும். பிறகு குடையை விரித்து உட்கார்ந்து, எந்தப் பூச்சி வருகிறது, எத்தனை வருகிறது என்று எண்ணி நோட்டில் கோடு போட வேண்டும். பூச்சி எண்ண ஒரு சம்பளமா என்று டீக்கடையில் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். ஆனால் கல் தூசியைத் தின்றுகொண்டு லாரியில் படுத்துக் கிடந்தவனுக்கு அந்த வேலை சொர்க்கம். மத்தியானம் மேடம் கொண்டுவந்த தயிர்சாதத்தை இரண்டு பேரும் குடைக்குள் தின்போம். அனல் காற்றில் தயிர் புளித்திருக்கும்.

வெந்தய வரியனும் செம்புள்ளியும்

மேடம் எடுத்துக்கொண்ட பூச்சிகள் இரண்டே இரண்டு. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் படிப்பு.

ஒன்று பட்டாம்பூச்சி. வெந்தய வரியன் என்று பெயர். பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெந்தயத்தை வாணலியில் போட்டுச் சிவக்க வறுத்தால் வரும் நிறம். சிறகு நுனி கருப்பு, அதில் வெள்ளைப் பட்டை. எருக்கு முளைத்த இடமெல்லாம் இருக்கும், குப்பைமேடானாலும் சரி. புழு எருக்க இலையைத் தின்று வளரும். கூட்டுப்புழு இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கும், பச்சைக்கல் வைத்த தொங்கட்டான் மாதிரி.

இன்னொன்று அந்த வெள்ளைப் பூச்சி. அதற்குத் தமிழில் நிலைத்த பெயர் ஒன்று தனக்குத் தெரியவில்லை என்றார் மேடம். இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை. எங்களுக்குள் செம்புள்ளி என்று வைத்துக்கொண்டோம். அதன் புழு கிலுகிலுப்பையில் இருக்கும். பச்சைக் காயைத் துளைத்து உள்ளே போய் விதையைத் தின்னும். காய்ந்த காயை ஆட்டினால் விதை குலுங்கிச் சத்தம் வரும், அதனால்தானே அந்தச் செடிக்கு அந்தப் பெயர். புழு புகுந்து தின்ற காயை ஆட்டினால் சத்தமே வராது. கூட்டுப்புழு எங்கேயும் தொங்காது. சருகுக்கு அடியில் மெல்லிய நூலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும்.

வரியன் அவசரமில்லாமல் பறக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாக நடக்கிறவர்கள் இருப்பார்களே, அப்படி. செம்புள்ளி நாம் செடியை அசைத்தால்தான் கிளம்பும். கொஞ்ச தூரம் போய்ப் புல்லில் விழுந்துவிடும். வரியன் உட்கார்ந்தால் இரண்டு சிறகையும் முதுகுக்கு மேலே சேர்த்துக் கும்பிடுவதுபோல் வைக்கும். செம்புள்ளி சிறகைப் போர்வை மாதிரி உடம்போடு சுற்றிக்கொள்ளும். வரியனின் உணர்கொம்பு நுனியில் குண்டூசித் தலை போல் ஓர் உருண்டை. செம்புள்ளிக்கு வெறும் மயிரிழை.

இரண்டுக்கும் பொதுவானது விஷம். எருக்கின் நஞ்சை வரியன் புழுவாக இருக்கும்போதே தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. கிலுகிலுப்பையின் நஞ்சைச் செம்புள்ளி அதேபோல் சேர்த்துக்கொள்கிறது. ஒருநாள் ஒரு கரிச்சான் செம்புள்ளியைப் பிடித்து, ஒரு தடவை நசுக்கி, உடனே துப்பிவிட்டுக் கிளையில் அலகைத் தேய்த்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் பட்டப்பகலில் அத்தனை பளிச்சென்று வெளியே வர அவற்றுக்குத் தைரியம் என்றார் மேடம்.

வளர்ந்த பிறகும் வரியனில் ஆண் பூச்சி மட்டும் வாடிய கிலுகிலுப்பையைத் தேடி வரும். காம்பைக் கீறி உறிஞ்சும். அந்த நஞ்சிலிருந்துதான் பெண்ணை மயக்குகிற வாசனையைச் செய்துகொள்கிறதாம். செண்டு அடித்துக்கொண்டு பொண்ணு பார்க்கப் போகிற மாதிரியா என்று கேட்டேன். மேடம் சிரித்து, அதையும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அந்து என்றால்

முதல் நாள் நான் செம்புள்ளியையும் பட்டாம்பூச்சிக் கணக்கிலேயே கோடு போட்டிருந்தேன். மேடம் பார்த்துவிட்டு அந்தக் கோட்டை அடித்தார்.

“அண்ணா, இது பட்டாம்பூச்சி இல்ல. அந்துப்பூச்சி. பகல்ல பறக்கற அந்துப்பூச்சி.”

எனக்கு ஒப்பவில்லை. எனக்கு அந்து என்றால் ஜெயங்கொண்டத்தில் நான் மூட்டை தூக்கிய நெல் மண்டி. பழைய மூட்டையைப் புரட்டினால் சாம்பல் நிறத்தில் புகை மாதிரிக் கிளம்பும். மூக்கில் போகும், வாயில் போகும். அந்து விழுந்த நெல்லை அள்ளினால் கையில் கனமே இருக்காது. ஓட்டை போட்ட உமி. அதைத் தூற்றிவிட்டுப் பார்க்கிறவர்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் அந்து என்பது அந்த ஒன்றுக்குத்தான் பெயர். இந்த அழகான பூச்சியை எப்படி அந்து என்பது?

மேடம் விளக்கினார். படிப்பில், பட்டாம்பூச்சி அல்லாத இந்த இனம் முழுவதற்கும் அந்துப்பூச்சி என்றுதான் எழுதுகிறார்கள். பெரும்பாலானவை இரவில் பறக்கும், சில பகலில் பறக்கும். பயிரைத் தின்னுவதும் அதில் உண்டு, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாததும் உண்டு. பட்டுநூல் தருகிற பூச்சியும் அந்துதான். அந்து என்றாலே கெட்டது என்று அர்த்தமில்லை.

பட்டுப்பூச்சியும் அந்துதான் என்பதைக் கேட்டு நான் அசந்துபோனேன். அன்று சாயங்காலமே டீக்கடையில் அதைச் சொன்னேன். பஸ் கண்டக்டரிடம் சொன்னேன். “கல்யாணப் பொண்ணு கட்டியிருக்கறது அந்துவோட எச்சி, தெரியுமா?” என்று கேட்டால் எவனும் நின்று கேட்பான். என் பேச்சை நின்று கேட்கிற ஆட்கள் எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

மேடம் சொன்னதில் முன்பாதியைத்தான் நான் ஊரெல்லாம் கொண்டுபோனேன். கெட்டது என்று அர்த்தமில்லை என்ற பின்பாதியை யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. அதில் சுவாரசியம் இல்லை.

“இருக்கும்”

அந்த வேலைக்கு நடுவே அக்கா வீட்டுக்குப் போயிருந்த நாளுக்கு, வயல் வரப்புக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின வருடம் மாமாவின் பருத்தி காயோடு போய்விட்டது. வெளியே பார்த்தால் நல்ல காய். பிளந்தால் உள்ளே செவப்புப் புழு, பஞ்செல்லாம் கறை. அதன்பிறகு விவசாய ஆபீஸிலிருந்து வந்து ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். புழுவைப் பார்த்தபிறகு மருந்து அடித்துப் பிரயோசனம் இல்லை, அந்துப்பூச்சி நடமாட்டம் தெரிந்தவுடனே கவனிக்க வேண்டும் என்று சொன்னார்கள். சரியான பேச்சுதான். அவர்கள் சொன்ன அந்து சாம்பல் நிறத்தில், நெல்மணி அளவில், இரவில் பறப்பது. படமும் காட்டினார்களாம். மாமா பின்னால் நின்றதால் படம் சரியாகத் தெரியவில்லை. அந்து என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

இப்போது நான் அவர் வரப்பில் நின்று அந்து என்றேன்.

மாமா பருத்திக்குள் அந்தப் பூச்சி விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“அப்ப செவப்புப் புழுவோட ஆத்தா இதானா?”

பூச்சியில் சிவப்புப் புள்ளி. காய்க்குள் சிவப்புப் புழு. அவர் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் சேர்த்திருப்பார்கள்.

எனக்குத் தெரியாது. செம்புள்ளியின் புழு கிலுகிலுப்பைக் காய்க்குள் போவது தெரியும். பருத்திக் காய்க்குள் போகுமா போகாதா என்பது தெரியாது. மேடத்தின் நம்பர் என் சட்டைப் பையிலிருந்த போனில் இருந்தது. ஒரு நிமிடப் பேச்சு. தெரியாது மாமா என்றோ, கேட்டுச் சொல்கிறேன் என்றோ சொல்லியிருக்கலாம்.

“இருக்கும் மாமா,” என்றேன்.

“படிச்சவங்களோட சுத்துறவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் அவர்.

அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான், எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று தெரியாத தம்பி. மாமா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, ஆனால் ஒன்றையும் என்னிடம் கேட்டதும் இல்லை. அன்றுதான் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டார். எனக்கு அது இனித்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. மத்தியானம் அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, போயிட்டு வரேன் மாமா என்று சொல்லி பஸ் ஏறினேன்.

மருந்து

எங்கள் பக்கம் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து, சாவதற்குக் குடிப்பதும் மருந்து. மூன்றுக்கும் ஒரே சொல்தான்.

நான் போனதற்கு ஒருநாள் விட்டு மறுநாள் காலையில் மாமா பவர் ஸ்பிரேயர் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். இரண்டு மருந்தை ஒரே தொட்டியில் கலந்தார். சுற்று வட்டாரத்தில் அப்போது பலரும் அப்படித்தான் கலந்தார்கள். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சட்டை போடவில்லை. நெஞ்சு உயரச் செடிக்கு மேலே அடிக்க வேண்டுமானால் கையைத் தூக்கித்தான் அடிக்க வேண்டும். தூக்கி அடித்தால் காற்று அதை முகத்துக்கே கொண்டுவரும். அந்தச் செடிகளுக்கு நடுவே மத்தியானம் வரை நடந்திருக்கிறார்.

அக்கா கஞ்சி கொண்டுபோனபோது மாமா வரப்பில் உட்கார்ந்திருந்தார். தூக்குச்சட்டியை நீட்டினால், அவர் கை அதற்கு ஒரு சாண் தள்ளித் துழாவியது.

“வெளிச்சம் மங்குது செல்வி,” என்றாராம். உச்சி வெயில்.

உடம்பெல்லாம் வேர்த்து, வாயில் எச்சில் நிற்காமல் வழிந்திருக்கிறது. அக்கா ரோட்டுக்கு ஓடி, வந்த கார் ஒன்றை மறித்தாள். லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவர். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தவர். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது வண்டி. மாமா அதில் வாந்தி எடுத்தார். அக்கா முந்தானையால் துடைக்கப் போனபோது பாய், “அத வுடும்மா. அவர் கண்ண மூட வுடாம பேசிக்கிட்டே வாங்க. அல்லா இருக்கான்,” என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டினாராம். பிறகு ஒருநாள் அவரைப் பார்க்கலாம் என்று நினைத்தோம். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் காரைப் பொட்டலில் குடைக்குள் உட்கார்ந்து செம்புள்ளிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஒரு மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“குடிச்சதா, அடிச்சதா?”

“அடிச்சதுங்க. வயல்ல அடிச்சது.”

அடுத்த மேஜையிலும் அதே கேள்வி. வார்டிலும் அதே கேள்வி. கேட்பது அவர்கள் வேலை, தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அக்கா, குடிக்கலைங்க, அடிச்சதுங்க என்று சொல்லச் சொல்ல, அவள் குரல் பொய் சொல்கிறவள் குரல் மாதிரி ஆகிக்கொண்டே போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் நம்பவில்லை என்பது அவர்கள் பார்க்கிற விதத்தில் தெரிந்தது.

மூன்றாம் நாள் மாமாவுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். நான் குனிந்தேன்.

“அந்து செத்துதா மாப்ள?”

“செத்துருச்சு மாமா.”

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் விடிந்த பிறகு போய்விட்டார்.

அடக்கம் ஆனபின் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். வரப்பில் கிலுகிலுப்பை அப்படியே நின்றது. மாமா வரப்புக்கு அடிக்கவில்லை, பயிருக்குத்தான் அடித்திருந்தார். காலை வைத்ததும் செம்புள்ளிகள் கிளம்பின. பருத்திக்குள் இறங்கி ஒரு காயைப் பறித்துப் பிளந்தேன். உள்ளே செவப்புப் புழு உயிரோடு நெளிந்தது.

மேடத்துக்கு அன்றைக்குப் போன் செய்தேன். செம்புள்ளி பருத்தியைத் தின்னுமா என்று கேட்டேன். அது பருத்தியில் கை வைக்காது என்றார். ஏன் அண்ணா என்றார். சும்மா கேட்டேன் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வேலைக்கு நான் மறுபடி போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் பலமுறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

பதினாறாம் நாள்

ஊரில் அதற்குள் பேச்சு வந்துவிட்டது. மருந்து அடித்து எவன் சாவான், கலியபெருமாள் குடித்துத்தான் செத்தான் என்றார்கள். மருந்து அடிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டில் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போன வருடம் பயிர் போனது, இந்த வருடமும் போகும்போல இருந்தது, பெண்டாட்டி திட்டினாள், குடித்துவிட்டான். கதை பொருத்தமாக இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

சத்தம் கேட்டது உண்மைதான். பதினாறாம் நாள் எல்லோரும் போனபிறகு அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னாள். நான் பஸ் ஏறிப் போனபின் மாமா ஒருநாள் முழுக்க யோசித்தபடியே இருந்திருக்கிறார். அடிக்கலாமா, செடி உயரமாக இருக்கிறதே, ஆள் வைத்து அடிக்கலாமா என்று. எதற்கு அந்த யோசனை என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் பொறுமை போய்க் கத்தியிருக்கிறாள்.

“எல்லாரும் அடிச்சி முடிச்சிட்டாங்க, நீ வேடிக்க பாரு, போன வருசம் மாரி பூச்சி தின்னுட்டுப் போவட்டும்னு சொன்னன்டா. அந்த வாயிலதான் சொன்னன். நான்தான் தம்பி அவர அனுப்புனேன்.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நீ இல்லை அக்கா, அதற்கு முன்னாலேயே நான் அனுப்பிவிட்டேன் என்று. சொல் நாக்கு வரை வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அழாதக்கா என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஊரை விட்டுக் கிளம்பினேன். திருப்பூர், அப்புறம் கேரளா, அப்புறம் ஆந்திராவில் ஒரு செங்கல் சூளை. மாதம் ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்வேன். சாப்பிட்டியா என்று அவள் கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

சொன்னது

இந்தத் தொடர் இந்த இடத்தை நெருங்கியபோது எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்ல முடியாது. போன மாதம் செந்துறையில் இறங்கி ஊருக்குப் போனேன்.

அக்கா இப்போது மற்றவர்கள் வயலில் கூலிக்குப் பருத்தி எடுக்கிறாள். தன் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டாள், அதில் மக்காச்சோளம் நிற்கிறது. நான் போன நேரம் அவள் வேலையிலிருந்து திரும்பி, சேலையில் ஒட்டியிருந்த பருத்திச் சருகை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கையெல்லாம் காய் கிழித்த கீறல்.

பையை ஆணியில் மாட்டிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரப்பு, பூச்சி, அந்து, மாமா கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அவள் சருகு பிய்ப்பதை நிறுத்தவில்லை.

“இருக்கும்னு சொன்னியா?”

“ஆமாக்கா.”

“தெரியாமயே?”

“ஆமா.”

இன்னொரு சருகைப் பிய்த்துப் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“பதினாறாம் நாளு நான் ஒங்கிட்ட சொன்னப்ப நீ எதிர்லதான உக்காந்துருந்த?”

“ஆமாக்கா.”

“சோத்தப் பெசஞ்சிக்கிட்டு.”

உதிர்ந்து கிடந்த சருகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. எது அந்து, எது பட்டாம்பூச்சின்னு இந்த ஊர்ல எவனுக்குத் தெரியும். ஆனா ரெண்டு வருசம் நான்தான் அவர வயலுக்குத் தொரத்துனேன்னு படுத்து எந்திரிச்சிருக்கேன்டா. தெனம். ஒரு போன் பண்ணி சொல்லிருந்தன்னா, பாதிய ஒம் மேல போட்டுட்டு ஒரு நாளாவது தூங்கிருப்பன்.”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அரிசி விலை சொல்வதுபோல் சொன்னாள்.

எதற்கு இப்போது வந்து சொல்கிறாய் என்று கேட்டாள். தொடரைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது தெரியும். பத்திரிகை வாராவாரம் அவள் வீட்டுக்குத்தான் வருகிறது. எனக்கென்று ஒரு விலாசம் கிடையாது. ஆதார் அட்டையில் இருப்பதும் அக்கா வீடுதான், பத்திரிகை ஆபீஸில் கொடுத்திருப்பதும் அதுதான்.

“இதையும் போடுவியா?”

“நீ வேணாம்னா போடல.”

“போடு,” என்றாள். “அவரு குடிக்கலன்னு போடு. நான் கத்துனதையும் போடு. நீ இருக்கும்னு சொன்னதையும் போடு. ஒண்ணையும் வுடாத. இந்த ஊர்ல எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க நாலு பேராவது இருப்பாங்க.”

“சரிக்கா.”

“போட்டுட்டு இந்தப் பக்கம் வராத.”

கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்துபோய், ஆணியில் மாட்டியிருந்த என் பையை எடுத்து வந்து வாசல் நிலைக்கு வெளியே வைத்தாள். பையின் வார் மண்ணில் கிடந்தது. அதைத் தூக்கி மடித்துப் பைமேலே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அரைமணி நேரம் போல வாசலில் நின்றேன். அவள் திரும்ப வெளியே வரவில்லை.

அதன்பிறகு நான் செய்த போன்களை அவள் எடுக்கவில்லை.

பத்திரிகை ஆபீஸில் விலாசத்தை மாற்றிக்கொள்ளவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இந்த இதழும் அந்த வீட்டுக்கே போகட்டும். கலியபெருமாள் மருந்து குடிக்கவில்லை. பயிருக்கு அடித்தபோது மேலே விழுந்த மருந்தால் செத்தார். அக்கா சொன்னபடி ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேன். இது அச்சாகி அவள் கைக்குப் போகும் வரைக்கும்தான் எனக்கு அந்த வீடு. அனுப்பிவிட்டேன்.